பிரிக்காத விலை

டேவன்போர்ட்டில் ஜனவரி.
காய்ச்சி ஆறவிட்ட பால்போல
ஆடை கட்டிக் கிடக்கிறது மிசிசிப்பி.
லைல் ஹெண்டர்ஷாட்டின் நிலவறைக்கு மட்டும்
வருஷம் முழுக்க ஒரே பருவம்.
ஈரப்பதம் நாற்பத்தைந்து, வெப்பம் அறுபத்தெட்டு.
அதற்குக் கரண்ட் பில் தனி.

இரும்பு அலமாரியில் ஒரு பெட்டி.
உள்ளே முப்பத்தாறு பாக்கெட்,
பாக்கெட்டுக்குப் பதினைந்து பேஸ்பால் அட்டை,
ஒரு துண்டு பபிள்கம்.
கம் இந்நேரம் சுண்ணாம்பாகியிருக்கும்.
அட்டைகளில் யார் யார் என்பது
அந்த மெழுகுத்தாளுக்குத்தான் வெளிச்சம்.

வாங்கியபோது பதினாறு டாலர்.
காரின் ஹீட்டருக்கென்று எடுத்துவைத்த இருபதில் பதினாறு.
மீதி நாலுக்கு ஒரு ஜோடி கையுறை.
அந்தக் குளிர்காலம் முழுக்கக்
கையுறையோடு ஸ்டியரிங் பிடித்தான்.
இன்றைய பட்டியலில் ஆறாயிரத்து நானூறு.
பிரித்தால்?
"பிரித்தால் குப்பை," என்பான் லைல்,
"இல்லையென்றால் ஒரு வீடு. நடுவில் எதுவும் கிடையாது."

நடீனிடம் வேறொரு கணக்கு இருந்தது.
ஈரம் உறிஞ்சும் இயந்திரங்கள் மூன்று,
மூன்றும் உழைத்தே செத்தன.
இன்ஷூரன்ஸ், வருஷத்துக்கு இருநூற்றுப் பன்னிரண்டு.
வெள்ளம் வரும் என்று ரேடியோ சொன்ன வாரம்
போகாமல் விட்ட தங்கை கல்யாணம்.
செருப்புப் பெட்டி அளவில் ஓர் ஆனை.
அதைக் கட்டித் தீனி போட்டவள் அவள்.
பெட்டியைத் தொட்டது மட்டும் இல்லை.
தொட்டால் விலை குறையுமாம்.

போன அக்டோபரில் கேள்விப்பட்டான்:
ஆற்றுக்கு அந்தப் பக்கம், ராக் ஐலண்டில்,
எழுபத்தைந்து டாலர் கொடுத்தால் போதும்,
மூடியது மூடியபடி இருக்க
மசியை ஊடுருவிப் படிக்கும் ஒரு மெஷின்.
பக்கத்து சீட்டில் பெட்டியை வைத்து
பெல்ட் மாட்டிவிட்டான்.
பாலத்தில் வண்டி இருபதைத் தாண்டவில்லை,
பின்னால் எல்லோரும் ஹாரன்.

"இப்போதே ஸ்க்ரீனில் பார்க்கிறீர்களா?" என்றாள் அங்கிருந்த பெண்.
வாய்வரை வந்தது.
"வேண்டாம்.
கவரில் போட்டு ஒட்டிக் கொடு."

இப்போது அவனிடம்
பிரிக்காதவை இரண்டு.

வாங்க வந்தவர் மோலினின் பல் டாக்டர்,
க்வென்டின் வாண்டர்மோலன்.
சமையலறை மேஜையில் பெட்டியைக் கவிழ்த்து
டார்ச் அடித்து
ஈறு பார்ப்பதுபோல் ஒவ்வொரு ஓரமும் பார்த்தார்.
பிறகு, நிமிராமலே:
"யாரும் ஸ்கேன் எதுவும் பண்ணவில்லையே?"

"உள்ளே என்ன இருக்கிறதென்று
சத்தியமாக எனக்குத் தெரியாது," என்றான் லைல்.

சத்தியம்தான்.
ஓர் எழுத்துகூடப் பொய்யில்லை.
கேட்ட கேள்விக்கு மட்டும்
அதில் பதில் இல்லை.

ஆறாயிரத்துக்குச் செக்.
நானூறை டாக்டர் ஓரத்து நசுங்கலுக்குக் கழித்துக்கொண்டார்.
அன்றிரவு இயந்திரத்தை நிறுத்தினார்கள்.
முப்பது வருஷமாக வீட்டில் ஒரு சத்தம் இருந்தது
என்பதே அது நின்றபோதுதான் தெரிந்தது.
இருவருக்கும் தூக்கம் வரவில்லை.

கவரை எரித்துவிடுகிறேன் என்றான்.
திங்கள் எரிக்கவில்லை, செவ்வாயும் இல்லை.
இழுப்பறையில், கூப்பன்களுக்கும் ரப்பர் பேண்டுக்கும் அடியில்
கிடந்தது அது.
நல்லது இருந்திருந்தால் வயிறெரியும்,
குப்பை என்றால் டாக்டரின் முகம் வந்து நிற்கும்.
எப்படியும் ஒன்று.

வியாழக்கிழமை பேட்டரி தேடிக்
கை விட்டபோது பார்த்தான்.
கவரின் மடிப்பு
ஒரு நூலிழை இடப்பக்கம் சாய்ந்திருந்தது.
பசை, முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் பளபளப்பு.
வேறு யார் கண்ணுக்கும் படாது.
பாதி ஆயுள் ஒட்டுகளையே பார்த்துப் பழகியவன்.

அடுப்பருகே நடீன்,
முதுகு காட்டி,
சோள சூப்பைத் துழாவிக்கொண்டிருக்கிறாள்.
"உப்பு போதுமா, வந்து பாரேன்."

இழுப்பறையை மூடுகிறான்.
"போதும்," என்கிறான்
நின்ற இடத்திலிருந்தே.