இழுவை வண்டிக்காரன் வாசிப்பது

நாவல் எனக்குச் சரிவராது.
மூன்றாம் அத்தியாயத்தில் யாராவது
நானூற்றியொன்று நெடுஞ்சாலையில்
டயர் வெடித்து நிற்பார்கள்.

சிறுகதை என்றால்
ஏஜாக்ஸுக்கு இந்தப் பக்கம், வண்டியை ஓரங்கட்டி,
ஒரு கோப்பி ஆறுவதற்குள் முடிந்துவிடும்.
முடிந்துவிடும் என்பதும் சரியில்லை.
நேற்று வாசித்ததில் ஒருத்தி
அழைப்புமணிமேல் விரலை வைக்கிறாள்,
அவ்வளவுதான்.
அடுத்த பக்கத்தில் வேறு தலைப்பு.
தாள் கிழிந்துபோனதோ என்று
பக்க எண்ணைக்கூடச் சரிபார்த்தேன்.

நடுச்சாமம் தாண்டி அழைப்பு.
உறைமழை. தடுப்புக் கம்பியில் உரசியபடி
சாம்பல் நிறக் கொரோலா ஒன்று.
கைப்பையை மறந்துவிட்டு
கேக் பெட்டியை மட்டும் அணைத்தபடி
என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.
ஐசிங்கில் பெயர் பாதி கலைந்திருந்தது.
யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

ஒஷாவாவில், விளக்கில்லாத வீடு.
படியேறினாள்.
கொக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.
சங்கிலிச் சத்தத்தில்
கதவு திறந்ததா என்று கேட்கவில்லை.

திரும்பலாம்தான்.
திரும்பாமல் வண்டியை எடுத்தேன்.

அவள் கையெழுத்திட்ட ரசீது
மை கசிந்து
இன்னும் புத்தகத்துக்குள் கிடக்கிறது,
அந்த விரலுக்கும்
அடுத்த தலைப்புக்கும் நடுவே.