முக்கால் மில்லிமீட்டர்

எல்கோய்பாரில் மழை. காலை ஆறு மணி ஷிஃப்ட்.
வந்த வார்ப்புகள் கோணல்:
ஒரு பக்கம் சதை குறைவு, மறுபக்கம் ஊளை.
அப்படியே ஓட்டினால்
ஆறாம் துளை சுவரை மீறி
வெளியே எட்டிப் பார்க்கும்.

கர்பிஞே நிரலில் ஒரு வரியையும் தொடவில்லை.
பூஜ்யத்தை மட்டும்
முக்கால் மில்லிமீட்டர் இடப்புறம் தள்ளினாள்.
பதினான்கு துளைகளும் கூடவே போயின,
தூக்கத்திலேயே
வீடு மாற்றப்பட்ட பிள்ளைகள் போல.

இயந்திரத்துக்கென்று
வேறொரு பூஜ்யம் உண்டு, மேல்மூலையில்.
அது யாருக்கும் அசையாது.
ஒவ்வொரு காலையும் அங்கே போய்
ஒருமுறை முட்டிவிட்டுத்தான்
நம் பேச்சுக்கு வரும்.

பத்து வார்ப்பு. பத்தும் பிழைத்தன.

ரயில் எய்பாரைத் தாண்டுகையில்
டிக்கெட்டுக்காகப் பைக்குள் விட்ட கையில்
திரையில் ஒட்டியிருக்க வேண்டிய சீட்டு,
எண்ணெய்க் கறையோடு:
‘எக்ஸ், கழித்தல் முக்கால். முடிந்ததும் அழி.’

அடுத்த பெட்டியில் இருந்தவை
குறையே இல்லாத வார்ப்புகள்.

நான்கு மணி அடித்தும் அனார்ட்ஸ் எடுக்கவில்லை.
ஐந்தாவதில் எடுத்தான்.
அவன் பேசுமுன்னே
பின்னால் கேட்டுப் பார்த்தாள்:
சுழலும் சத்தம் இல்லை.
தரையில் யாரோ
சீவல் கூட்டும் சத்தம் மட்டும்.

“எக்ஸில் ஏதோ நிற்கிறதே,
உன் கைவேலையா?”