நாயின் பங்கு

ஆட்டின் குரல்வளைக்குக் கீழே
மூச்சுக்குழலை ஒட்டி
இரண்டு துண்டுச் சதை இருக்கும்.
கருஞ்சிவப்பு, பாதாம் பருப்பளவு.
இருபது வருஷமாக அதை நாய்க்கு எறிந்தவன் நான்.
என் கடை விலைப்பலகையில் அதற்குப் பெயரில்லை.

எங்கள் பள்ளத்தாக்கில்
மனிதருக்கு அது வீங்கும்.
தண்ணீரின் குற்றம் என்றார் பாதிரியார்.
அவர் கழுத்தும் காலருக்குள் அடங்காது.

அப்பலோனியாவுக்குப் பதிமூன்று வயதில்
முட்டைக்கோசு கனம்.
கூப்பிட்டால் தலையைத் திருப்பமாட்டாள்,
உடம்பையே திருப்புவாள்.
படியேறினால் மூச்சு சீட்டியடிக்கும்.

பெர்ன் ஆஸ்பத்திரியில் அறுத்தார்கள்,
துளி மிச்சமில்லாமல்.
தேர்ந்த கை. தொழில் தெரிந்தவன் சொல்கிறேன்.
நூல் கிடந்தாற்போல ஒரு தழும்பு.
ஊரே வந்து தொட்டுப் பார்த்தது.
அந்த ஈஸ்டருக்கு என் தங்கை
கழுத்துப்பட்டை இல்லாமல் கோயிலுக்குப் போனாள்.

குளிர்காலத்தில் அடுப்படியில் நடுங்கினாள்.
கோடையிலும் நடுங்கினாள்.
முகம் உப்பிற்று, நாக்கு தடித்தது,
சீப்போடு முடி வந்தது.
"ரொட்டி வேணுமா?" என்று கேட்டுவிட்டு
இரண்டு பசு கறந்து திரும்புவேன்.
அப்போதுதான் வரும்:
"ம்... வேணும்."
பதிமூன்று வயதுச் செருப்பு
இருபத்தைந்திலும் பொருந்தியது.

தொண்ணூற்று மூன்றில், பனி உருகும் வாரம்,
டாக்டர் இம்போடன் ஒரு கடிதத்தோடு கடைக்கு வந்தார்.
"ஆட்டுக் கழுத்தில் இருக்குமே, அது..."
நான் நாயைப் பார்த்தேன்.

லேசாக வதக்கி, ரொட்டியில் வைத்து,
வெள்ளிதோறும் ஒன்று.

மூன்றாம் வாரம் கம்பளியை உதறினாள்.
நெற்றியில் வியர்வை.
விரலால் தொட்டு, நக்கிப் பார்த்து,
"உப்பு" என்றாள், உடனே.
ஆறாம் வாரம் சண்டைக்கு வந்தாள்:
பன்னிரண்டு வருஷத்துக்கு முன்
நான் தொலைத்த பச்சை ரிப்பனுக்காக.
திட்டத் திட்ட நின்று கேட்டேன்.
என்ன வேகம்!

டாக்டர் தன் கண்ணாடிக் குழலில் காட்டினார்:
குட்டிக் குட்டி அறைகள்,
ஒவ்வொன்றிலும் தேன்போல ஏதோ உறைந்திருந்தது.
"இங்கே சேர்த்து வைத்து
ரத்தத்தில் இழையிழையாக விடுகிறது.
உடம்பின் அடுப்புக்கு
எவ்வளவு விறகு என்பது இதன் கணக்கு."
வண்ணத்துப்பூச்சி வடிவம் என்றார்.
எனக்குச் சேணமாகத்தான் தெரிந்தது.

உயரம் இரண்டு விரல் ஏறியது, அவ்வளவே.
போன வருஷங்களை எந்த ஆடும் தரவில்லை.
பெர்னில் அறுத்த கை இன்று எதை நினைக்கும்?
தெரியாது.
நானும் கத்தி பிடிப்பவன்தான்.

வெள்ளிக்கிழமைகளில்
நாய் இன்னும் கடை வாசலில் நிற்கிறது,
தன் கணக்கைக் கேட்டு.
அப்பலோனியா அதைத் தாண்டி
ஓட்டமாக உள்ளே வருகிறாள்.