கோசோங்

உபி தொழிற்பேட்டை, ஆறாவது மாடி.
மின்தூக்கி நின்றுபோனால் கூப்பிடுகிற எண்ணுக்கு
இரவில் பதில் சொல்வது நான்.
நீல நோட்டில் எழுதுவேன்,
ஹஃபீஸ் வேனை எடுத்துக்கொண்டு போவான்.

நோட்டு பதினேழு ஆனதும்
மிஸ்டர் கோ சொன்னார்:
"தாவா, ராத்திரி சும்மாதானே இருக்கிறாய்,
எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுவிடு."
(தவமணி என்பது அவர் வாயில் நுழையாது.)
போடுவது என்றால் தட்டுவது என்று நினைத்தார்.
நானும்தான்.

பிராஸ் பாசாவில் பழைய புத்தகம், எட்டு வெள்ளி.
தரவுத்தளம், தொடக்கநிலை.
மூன்றாம் அத்தியாயம் வரை
யாரோ பென்சிலில் கோடு போட்டிருந்தார்.
அதற்குமேல் தாள் வெள்ளை.
இரண்டு மாடிக்கு நடுவே நின்றுவிட்டார் போல,
கூப்பிட எண் தெரியாமல்.

மின்தூக்கிக்கு ஓர் அட்டவணை
பழுதுக்கு ஓர் அட்டவணை
இரண்டையும் கட்ட ஒரு திறவு எண்.
ஒன்றுக்குப் பல, என்றது புத்தகம்.
சர்க்கிட் ரோட்டு லிஃப்ட் பி-யைக் கேளுங்கள்,
ஒன்றுக்கு எத்தனை என்று அது சொல்லும்.

ஒரு விடிகாலை
நிபந்தனை எழுத மறந்து 'அழி' என்றேன்.
1906 வரிகள் அழியப்போகின்றன, சரியா?
மரியாதையாகத்தான் கேட்டது.
சரி என்றேன்.

மறுபடி முதல் நீல நோட்டு.
யாரிடமும் சொல்லவில்லை.
ஹஃபீஸ் மட்டும் என் முகத்தைப் பார்த்து
இரண்டு கோப்பி கட்டி வந்தான்.

அழைத்தவர் பெயர்: கட்டாயம்.
அந்தப் பூட்டைப் போட்டது நானேதான்,
ஐந்தாம் அத்தியாயம் படித்த திமிரில்.
அதில் வந்து முட்டினார் அவர்.
மூன்று மணிக்கு, மூன்றே கால் மணிக்கு,
பின்னால் சத்தம் குறைத்த டிவி:
"லிஃப் பி. ரோசாக்."
பெயர் ஐயா?
"கோசோங் லா. எழுதிக்கோ."

சைபர் தட்டினேன். பூட்டு திறந்தது.

மாதக் கடைசியில் அறிக்கை எடுத்தால்
சைபர் என்றொருவர்
நாற்பத்தொரு முறை அழைத்திருக்கிறார்.
மிஸ்டர் கோ சிரித்துச் சிரித்துக்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

இந்த ஊரில் சீனி போடாத கோப்பி கோசோங்.
தொலைபேசி எண்ணில் சைபர் கோசோங்.
ஆளில்லாத பேருந்து கோசோங்,
பரீட்சைத் தாளும்கூட.
ஒரே சொல்லில் இத்தனையும் வைத்து
அறுபது வருஷம் பிழைத்துவிட்டோம்.
இயந்திரம் ஒப்பவில்லை.
சைபர் என்பது ஒரு மதிப்பு,
வெற்றிடம் என்பது தெரியாமை,
இரண்டையும் கூட்டாதே என்கிறது
பக்கம் 142.

சைபர்களை எடுத்தேன். பூட்டை எடுத்தேன்.
வெற்றிடமாகவே விட்டுத் திரும்பக் கேட்டேன்:
இந்தப் பெயரும் அந்தப் பெயரும் ஒன்றா?
ஒரு வரிகூட வரவில்லை.
வெற்றிடம் இன்னொரு வெற்றிடத்துக்குச் சமமில்லையாம்.
பெயர் தெரியாத இருவரை
ஒரே ஆள் என்று சொல்ல மாட்டேன் என்கிறது.
யோசித்தால் நியாயம்தான்.
ஆனால் எனக்கு அந்த இருமல் தெரியும்.
இருமலுக்குக் களம் வைக்கவில்லை நான்.

மார்ச்சில் லிஃப்ட் பி-க்குப் புது மோட்டார்.
ஏப்ரல் முழுக்க அவர் அழைக்கவில்லை.
தொலைபேசியைத் தூக்கிப் பார்த்தேன் ஒருமுறை,
உயிர் இருக்கிறதா என்று.

நேற்று மூன்று பத்துக்கு மணி.
"லிஃப் பி."
என்ன ஆச்சு ஐயா?
"ஓடுது."
டிவிச் சத்தம். இருமல்.
"சும்மா சொன்னேன்."
வைத்துவிட்டார்.

பழுது அட்டவணையில் புதிய வரி.
நேரம் போட்டேன். புளோக் போட்டேன்.
பழுதின் வகை: கட்டாயம்.
சேமிக்க முடியாது என்றது,
இரண்டு முறை, மூன்று முறை.

வடிவமைப்பைத் திறந்தேன்.