இரண்டு விரல் மேலே

ஈப்போவில் ஒரு வாட்சுக் கடையின் பின்னலமாரியில் இருந்தது.
அறுநூற்று ஐம்பது ரிங்கிட், இரண்டு தவணை.
ஒன்றன் கீழ் ஒன்றாய் இரண்டு கண்.
மேலது நான் பார்க்க, கீழது படம் பதிய.
கடைக்காரர் அவ்வளவுதான் சொன்னார்.
மீதியைக் கெட்டுப்போன சுருள்கள் சொல்லின.

முதல் சுருளில்
காகித நாக்கு பிளவில் சரியாக மாட்டவில்லை.
பன்னிரண்டு முறை சுற்றினேன், பன்னிரண்டு முறை அழுத்தினேன்,
உள்ளே எதுவும் நகரவே இல்லை.
கோலாலம்பூரிலிருந்து தபாலில் திரும்பியது
கண்ணாடி மாதிரி ஒரு பட்டை.
கழுவிய கூலியில் மட்டும் தள்ளுபடி இல்லை.

ஊத்தான் மெலிந்தாங் செம்பனை ஆலையில்
எடைமேடைக் கிராணி நான்.
குலையோடு ஏறும் லோரி ஓர் எடை,
கொட்டிவிட்டு வரும்போது ஓர் எடை,
கழித்தால் வருவதற்குச் சீட்டு.
ஒரு நாளைக்குத் தொண்ணூறு லோரி.
எண் பலகை தெரியும், ஜன்னலில் நீளும் கை தெரியும்.

கேமராவுக்குள் இடம் வலமாகிறது.
இடமிருந்து வரும் லோரி
கண்ணாடியில் வலமிருந்து வருகிறது.
துரத்தினால் ஓடிவிடும்.
அது நழுவும் பக்கத்துக்கு எதிராகத் திரும்பினால்
தானாக நடுவில் வந்து நிற்கும்
(என் வீட்டுக்காரரும் அப்படித்தான்).

வயிற்றருகே பெட்டியை வைத்துக் குனிந்து நிற்பேன்.
"காசு விழுந்துடுச்சா?" என்று
நாசி லெமாக் விற்கும் காக் செனா
மேசைக்கடியில் தேடினாள்.
அதையும் எடுத்தேன்.

நல்ல வெயிலுக்குப் பதினாறு வை என்றிருந்தது தாளில்.
இங்கே நல்ல வெயில் பத்து நிமிஷம்.
கொதிகலன் புகை இந்தப் பக்கம் சாய்ந்தால் எட்டு.
மூன்று மணி மழைக்கு முன்
எல்லாம் ஈயமாகும்போது நாலு,
மூச்சைப் பிடித்துக்கொண்டு.

குலை இறக்கும் ஷஃபிகுல் ஒரு மத்தியானம் கேட்டான்:
"அக்கா, இதுல ஒண்ணு. அம்மாக்கு."
கைபேசியில் ஆயிரம் வைத்திருப்பவன்.
கொக்கியை நெஞ்சோடு பிடித்து விறைத்து நின்றான்.
நெருங்கிப் போனேன்.
கண்ணாடியில் முடியிலிருந்து முழங்கைவரை முழுசாக இருந்தான்.

வந்த படத்தில் புருவத்துக்கு மேல் ஆளில்லை.
நான் பார்த்த கண் மேலே,
பதிந்த கண் இரண்டு விரல் கீழே;
தூரத்தில் அது ஒன்றுமில்லை,
கிட்டே போனால் ஒரு நெற்றி.

ஆனால் அந்தக் கைகள்!
முள் ஏறிக் கறுத்த விரல் கணுக்கள்,
சுண்டுவிரலில் பிளாஸ்டர்,
கொக்கியின் துருவில் ஒரு பழ நார்.
மூன்று வருஷமாய்ச் சீட்டு வாங்கிய கை இது என்று
அன்றுதான் எனக்கு அடையாளம் தெரிந்தது.

மன்னிப்புக் கேட்டு, வேறு எடுத்துத் தருகிறேன் என்றேன்.
தர மாட்டேன் என்று சட்டைப்பைக்குள் வைத்தான்.
"அம்மா மூஞ்சியப் பத்தி கேக்கறதில்ல, அக்கா.
கை நல்லா இருக்கான்னுதான் ஒவ்வொரு வாட்டியும்."

இப்போது கிட்டே எடுத்தால்
குறி வைத்தபின் இரண்டு விரல் மேலே தூக்குகிறேன்.
பழகிவிட்டது.

முடிந்த சுருளின் ஒட்டுத்தாளை நாவால் நனைத்து
இன்னொன்றை மாட்டி, ஒன்பது எடுத்துவிட்டேன்.
மிச்சம் மூன்று.
மேடைக்கு வெளியே ஷஃபிகுலின் சிநேகிதர்கள் ஐந்து பேர்
தலையை நனைத்து வகிடெடுத்து வந்து நிற்கிறார்கள்.

முன்னால் நிற்பவன் கேட்கிறான்,
"கை வருமா?"