இழுவிசை

சஸ்கட்டூனில் இரவு இரண்டு பத்து.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
ஆற்றின் மேல் பனிக்கட்டி முனகுவது
இரட்டைக் கண்ணாடியைத் தாண்டியும் கேட்கிறது.

மார்லீன் ஜாடியில் வளர்த்த கும்பிடுபூச்சி;
அதன் விந்தணுவாகப் போகும் ஒரு செல்.
கதிரின் இரு முனைகளிலிருந்தும் நீண்ட இழைகள்
ஆளுக்கொரு பக்கம் பிடித்திழுக்க,
நடுக்கோட்டில் விறைத்து நிற்கின்றன குரோமோசோம்கள்.
ஒன்றைத் தவிர.

அந்த ஒற்றை எக்ஸ்
மேல்முனை இழையை மட்டும் பற்றித்
தொளதொளவென்று கிடக்கிறது.
எதிர்ப்பக்கம் அதற்கு யாருமில்லை.
ஒன்பது மணியிலிருந்து
அதற்காகவே காத்திருக்கிறது செல்,
வரவேண்டிய ஒருவர் வந்து உட்காரும்வரை
இலையில் கைவைக்காத பந்தி மாதிரி.

மயிரினும் மெல்லிய கண்ணாடி ஊசியை இறக்கினேன்.
எக்ஸைக் கீழ்நோக்கி லேசாக இழுத்தேன்.
இழுத்தபடியே இருந்தேன்.
மறுமுனையும் உன்னைப் பிடித்திருக்கிறது
என்று ஒரு பொய்.

செல் நம்பியது.
ஐம்பத்தாறாம் நிமிடம்
ஜோடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் பிடிவிட்டு
சத்தமில்லாமல் இரண்டு பக்கமும் போயின.
நேரத்தைக் குறித்துவைத்தேன்.
தேநீர் கோப்பையில் ஆடை படிந்திருந்தது.

மூன்றரைக்குக் காரைப் பின்னால் எடுத்தேன்.
எஞ்சின் உறையாதிருக்கக் கம்பத்தில் செருகிய ஒயரை
மறந்தே போனேன்.
இரண்டடி. மூன்றடி.
இருட்டில் அது விறைத்திருக்கும்.
எனக்கு ஒன்றும் தெரியவில்லை,
அறுந்த சத்தம் கேட்கும்வரை.