முதல் மிதி

உடுப்பு மட்டும் இருபத்தாறு கிலோ.
சைக்கிள் டியூப், பழைய சோபாவின் பஞ்சு,
முதுகுச் செதிலுக்கு லோகு அறுத்த பிளாஸ்டிக் வாளி.
கழுத்தில் இரண்டு ஓட்டை, அதுதான் எனக்குக் கண்.
மேலே உருளுகிற கண்கள் ஜனங்களுக்கு.

உறுமலும் லோகுதான்.
தகர டப்பாவில் நூல் கட்டி, நனைத்து இழுப்பான்.
ஜப்பானில் தோல் கையுறையால் தந்தியை உரசினார்களாம்.
கையுறைக் குளிர் ஏற்காட்டில்கூட ஏது?

ஆடிப் பொருட்காட்சி, ஏழாம் நம்பர் கொட்டகை,
தலைக்கு முப்பது ரூபாய்.
திரையில் சேர்வராயன் மலை, ஊதா கொஞ்சம் தூக்கல்.
கீழே அட்டையில் அஞ்சு ரோடு, மேம்பாலம், ஜவுளிக்கடை.
ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு பிடி மரவள்ளி மாவு,
பகலில் நான் சேகோ ஆலையில் கூட்டி அள்ளியது.
மிதித்தால் புகை.

கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்று பயந்தோம்.
வந்தார்கள்.
"செவ்வாப்பேட்டைய எப்படிங்க விட்டீங்க?"
"எங்க கொலுசுப் பட்டறையும் வைங்க, போர்டு தெரியணும்."
பிரியாணிக் கடை முன்னூறு கொடுத்துப்
பாலத்தடியில் இடம் பிடித்தது,
முதல் மிதி தனக்கென்று.

வானம் எரிந்த ஊர்க்காரர்கள்
எரிந்ததை அட்டையில் திரும்பக் கட்டித்
தாங்களே மிதித்துப் பார்த்தார்களாம்.
லோகு சொன்னான். பீடி அணைந்திருந்தது.
எனக்கு அப்போது விளங்கவில்லை.

பத்தாம் நாள் பூங்காவனம் என்றொருத்தி.
பாலத்தின் நாலாவது தூணைத் தொட்டு,
"இந்த எடத்துலதான் எங்க வீடு. பச்சைக் கதவு" என்றாள்.
தூணை எடுத்தால் பாலம் விழுந்துடும்மா என்றேன்,
பாலத்தை விழவைக்கக் கூலி வாங்குகிறவன்.

ராத்திரி லோகு தூணை அறுத்தான்.
ஈர்க்குச்சி முட்டுக் கொடுத்து
தீப்பெட்டி அளவில் ஒரு வீடு வைத்தான்.

கனம் என்பது வேறொன்றுமில்லை, மெதுவாக நடப்பது.
மெதுவாகத்தான் வந்தேன்.
பிரியாணிக் கடை போயிற்று, பட்டறை போயிற்று.
ஓட்டை வழியே பச்சையைத் தேடினேன், கண்ணில் வேர்வை.
மிதிக்கச் சொன்னாளா, மிதிக்காதே என்றாளா?
நாங்கள் கேட்கவே இல்லை.
தூக்கிய கால் அந்தரத்தில்.
லோகு நூலை இழுக்க மறந்தான்.

வாலுக்கு நான் பொறுப்பில்லை,
அது எப்போதும் பிறகுதான் வரும்.

பாலம் சரிந்து, மாவு எழும்பி,
வெள்ளை அடங்கியபோது
வீடு இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.
அவளுக்குத் தெரிந்திருக்கும். முன்வரிசை.

அடுத்த ஆட்டத்துக்கும் சீட்டு வாங்கியிருந்தாள்.
கதவை மட்டும்
இன்னும் கொஞ்சம் பெரிசாக வைக்கச் சொன்னாள்.